டாக்டர் விட்டுவைத்த துணுக்கு

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. நீ, மாப்பிள்ளை, குட்டிப் பெண் மூவரும் சுகமாக இருக்க வேண்டும். நாங்களும் சுகம் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் என் நெற்றியில் ஐந்து தையல். வீடியோவில் வரச் சொல்லி நீ நச்சரித்தபோது நான் நழுவியது இதனால்தான். போனில் சொன்னால் உன் அம்மா காதில் விழும். நான் எங்கேயும் விழவில்லை கண்ணு, அவள்தான் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி வீசினாள். சட்டையில் ஒரு பட்டன் இல்லையாம், அதற்கு.

ரத்தம் கண்ணில் வழியும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, அந்தச் சனியன் திரும்பி வந்துவிட்டது. எட்டு வருஷத்துக்கு முன்னால் கதவைச் சாத்தி உன்னைத் துடைப்பத்தால் விளாசினாளே, நெற்றிக்குப் பின்னால் கட்டி என்றார்களே, அறுத்தெடுத்ததும் பூனைக்குட்டி மாதிரி ஆனாளே, அதே கண், அதே முறைப்பு. ஸ்கேன் அப்புறம்தான் எடுத்தோம். அன்று அறுத்த அதே டாக்டரிடம் அவளைக் கூட்டிப்போனபோது உன் மாமாவும் ஒட்டிக்கொண்டு வந்தான். புற்று இல்லை, எடுத்தாச்சு என்றுதானே சொன்னீர்கள் என்று கேட்டேன். டாக்டர் படத்தைக் காட்டினார். மூளையைச் சுற்றி ஒரு உறை இருக்கிறதாம், கட்டி அதில்தான் முளைக்கிறதாம், அந்த இடத்து உறையையும் சேர்த்து வெட்டினால் பெரும்பாலும் திரும்பாதாம். அம்மாவுக்கு அது உச்சியில் ஓடும் பெரிய ரத்தக்குழாயின் சுவரில் ஒட்டியிருந்தது, சுரண்டினால் குழாய் கிழிந்து ஆபரேஷன் மேஜையிலேயே போயிருப்பாள், அதனால் ஒரு துணுக்கை விட்டுவைத்தேன், அப்போதே சொன்னேனே என்றார். கண்ணுக்குத் தெரியாமல் உறையில் பரவிக் கிடப்பதும் சில சமயம் வளருமாம். நம் பட்டறையில் காரின் மடிப்புக்குள் துருவை விட்டுவிட்டுப் பெயிண்ட் அடித்தால் உள்ளேயே தின்னுமே, அப்படித்தான் நான் புரிந்துகொண்டேன். உன் மாமாவுக்கு எங்கே புரிகிறது, வேணும்னே விட்டியாடா என்று டாக்டரின் சட்டையைப் பிடித்துத் தள்ளியதில் கண்ணாடி அலமாரி நொறுங்கி அவர் உதடு கிழிந்தது. உன் அம்மா மேஜையிலிருந்த பேப்பர் வெயிட்டை எடுத்துத் தம்பி வாயிலேயே ஒன்று போட்டாள். முன்பல் இரண்டு காலி. என்னை உசுரோட விட்டவர்டா அவர் என்று ஆஸ்பத்திரியே அதிரக் கத்தினாள். டாக்டர் நல்ல மனுஷர், உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு மேற்கொண்டு பேசினார்.

இப்போது இரண்டு வழி. குழாயோடு சேர்த்து வெட்டினால் திரும்புவது அரிது, ஆனால் கைகால் விழலாம், உயிரும் போகலாம். மறுபடி கொஞ்சம் விட்டுக் கதிர்வீச்சு கொடுத்தால் ஆபத்து குறைவு, என்றைக்காவது திரும்பலாம். உன் அம்மா ஒரே பிடியாக, முழுசா எடுங்க, செத்தாலும் பரவாயில்லை என்கிறாள். நீ குழந்தையோடு வருவதாகச் சொன்னதிலிருந்துதான் இந்தப் பிடிவாதம். சமையலறைக் கத்திகளைக்கூடப் பட்டறையில் பூட்டச் சொல்லிவிட்டாள். இந்தக் கையால பேத்தியத் தொட்டு ஏதாவது ஆயிட்டா நான் மனுஷியா என்று சுவரில் முட்டிக்கொண்டு அழுதாள், பிடிக்கப் போன எனக்கும் ஓர் அறை. எனக்கும் வெறி வந்துவிட்டது, நாளெல்லாம் தகரத்த அடிக்கிறவன்டி நான், எனக்கு உன் அடியா பெருசு, அடி, ஆனா உசுரோட இரு என்று கத்தினேன். அப்புறம்தான் கொஞ்சம் விட்டுவைக்கச் சம்மதித்தாள்.

வியாழக்கிழமை ஆபரேஷன். பதறிக்கொண்டு புறப்பட்டு வராதே, அவள் தெளிந்ததும் நானே கூப்பிடுகிறேன். குழந்தைக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள், மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். மூவரும் நீண்ட ஆயுசோடு, ஒரு குறையும் இல்லாமல் இருங்கள். ஒன்றை மட்டும் மறக்காதே. நீ வரும்போது அம்மா வேண்டாம் வேண்டாம் என்று பின்வாங்குவாள், நீ யோசிக்காமல் பேத்தியை அவள் மடியில் போடு. கை ஓங்கினால் நடுவில் நான் இருப்பேன்.

உன் பிரியமுள்ள,
அப்பா