நீர் வேண்டுமென்றே கெடுத்த வில்லன்

இன்று காலை என் காதுக்கருவிக்குப் பற்றரி வாங்கினேன். ஒரு மட்டையில் ஆறு. கடைக்காரர் எடுத்துத் தந்துவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் அல்ல. உம்மேலும் என்மேலும்.

யாழ்ப்பாணத்துக்குச் சாமான் வரவிடாத தடைக்காலத்தில், விரல் அளவான ஒரு பென்ரோச் பற்றரிக்கு நாங்கள் பட்ட பாட்டை இப்போது சொன்னால் கதை விடுகிறேன் என்கிறார்கள். கதையில்தானே எல்லாம் தொடங்கியது.

சுன்னாகத்தில் மின்சாரம் நின்று, மின்நிலையத்தில் உமக்கு வேலை இல்லாமல் போனபோது எங்கள் பத்திரிகையின் வாரப் பதிப்பில் உளவுத் தொடர் எழுத வந்தீர். நான் செய்தியாளன். ஆள் பற்றாக்குறையால் உம்முடைய தொடருக்குப் புரூவ் பார்த்துத் திருத்துவதும் என் தலையில் விழுந்தது. உம்முடைய வில்லன் ஒரு தபால் கந்தோர் கிளாக்கர். கடிதங்களைத் திறந்து படித்து எதிரிக்குத் தகவல் கொடுப்பவன். எட்டு வாரமாகக் கறுப்புக் கண்ணாடி போட்டபடி சிரித்துக்கொண்டே இருந்தான்.

"உவன் ஏன் ஐசே காட்டிக்குடுக்கிறான்?" என்று கேட்டேன்.

"கெட்டவன். காட்டிக்குடுக்கிறான்."

"கறுப்புக் கண்ணாடியோடை கந்தோரிலை இருந்தா முத்திரை கண்ணுக்குத் தெரியுமோ?"

"நீர் செய்தியை எழுதும். கதையை எனக்கு விடும்."

நான் விடவில்லை. மூன்று வாரம் அதே கேள்வியைக் கேட்டு உம்மை அரித்தேன். ஒருநாள், உதாரணத்துக்கென்று, அச்சுவேலிப் பக்கத்தில் நான் கண்ட உண்மையான ஒரு கிளாக்கரைப் பற்றிச் சொன்னேன். மகளுக்குக் காது கேளாது. அவளுடைய கருவிக்குப் பென்ரோச் பற்றரி வேண்டும். கொழும்புக்குப் போகிறவர் எவரைக் கண்டாலும் அந்த மனிதர் கேட்பார்.

"உப்பிடி ஒருத்தனுக்கு எதிரி ஒரு பற்றரியை நீட்டினா?" என்றேன். நீர் சைக்கிளை எடுத்தீர்.

அடுத்த அத்தியாயத்தில் வில்லன் கண்ணாடியைக் கழற்றியிருந்தான். கடிதத்தைத் திறக்குமுன் கதவைச் சாத்தினான். பற்றரி போட்டதும் அவன் மகள் கிணற்றுக் கப்பியின் சத்தத்துக்குத் திரும்பிப் பார்த்தாள். நின்றபடியே வாசித்து முடித்தேன். திருத்தியது ஒரே இடம். கருவி சட்டைப் பொக்கெற்றில் இருந்தது என்று எழுதியிருந்தீர். அதை வெட்டி, 'கழுத்தில் தொங்கும் நீலத் துணிப் பையில்' என்று போட்டேன். நான் கண்டது அப்படித்தான். எதையும் சரியாக எழுதவேண்டும் என்ற வியாதி எனக்கு.

அந்தச் சுற்றுவட்டாரத்தில் நீலப் பையோடு பள்ளிக்கூடம் போன பிள்ளை ஒன்றுதான்.

பதிப்பு வெளிவந்த மூன்றாம் நாள் அந்தக் கிளாக்கர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். நீரும் இருந்தீர்.

"தம்பி, முத்திரை வாங்க வந்தவன் கேக்கிறான், 'கதையிலை அடுத்த கிழமை உங்களைப் பிடிக்கினமோ அண்ணை?' எண்டு. பகிடிதான், நானும் சிரிச்சனான். ஆனா நேற்றுத் தொடக்கம் சனம் கடிதத்தைத் திருப்பித் திருப்பி ஒட்டுப் பாக்குது. நான் பற்றரி மட்டும்தானே கேட்டனான்?"

அந்த நாட்களில் காட்டிக்கொடுப்பவன் என்ற பெயர் ஒருவர்மேல் ஒட்டினால் அவர் உயிர் தப்புவது அரிது. அறையில் இருந்த மூவருக்கும் அது தெரியும்.

"நான்தான் எழுதினது. மன்னிச்சுக்கொள்ளுங்கோ," என்றீர் அவரிடம். நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் போனபிறகு, "கற்பனை எண்டு ஒரு அறிவித்தல் போடுவம்," என்றேன்.

"போட்டா நம்பாதவனும் நம்புவான். பேசாமல் இரும். நான் கதையையே கெடுத்துவிடுறன்."

கெடுத்தீர். கிளாக்கர் கதவைச் சாத்திவிட்டுத் திறந்தது தனக்கு வந்த கடிதமாம். பற்றரி அனுப்பியது கொழும்பு மைத்துனராம். உண்மையான உளவாளி, முழங்காலில் பூட்டிய மரக்காலுக்குள் வானொலி ஒளித்து வைத்திருந்த ஒரு வெளிநாட்டுக்காரனாம். அவனுக்குக் காரணம் எதுவும் இல்லை. பத்து வரிக்கு ஒருமுறை சிரித்தான்.

சந்தையில், "மரக்கால் சுகமோ?" என்று வெங்காய வியாபாரி கேட்டார். நீர் அவரோடு சேர்ந்து சிரித்தீர். ஊர் முழுவதும் உம்மைப் பார்த்துச் சிரித்ததில் கிளாக்கரை மறந்துபோனது. அவரிடம் பிறகு எவரும் ஒன்றும் கேட்கவில்லை.

நீர் அதன்பின் எழுதவும் இல்லை. "ஒரே ஒரு கெட்டவனை ஒழுங்கா எழுதினன். போதும் ஐசே," என்றீர். தொண்ணூற்றைந்தில் இடம்பெயர்ந்து, தென்மராட்சியில் ஒரு பாடசாலை மண்டபத்தில் காய்ச்சலில் இறந்துபோனீர். நாலு நாள் கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது. என்ன காய்ச்சல் என்று இன்றுவரை சரியாகத் தெரியாது.

அந்த நீலத்தை எழுதியது என் கை. அவரிடம் நீர் அதைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? அவர் என்னை ஏசியிருப்பார், அவ்வளவுதான். பயமா? வேலை போய்விடும் என்றா? ஒவ்வொன்றாக எழுதிப் பார்க்கிறேன். ஒன்றையும் நம்ப முடியவில்லை. வெட்டிவிடுகிறேன்.

உவன் ஏன் ஐசே வாய் திறக்காமல் இருந்தவன் என்று கேட்டு என்னை மூன்று வாரம் அரிக்க நீர் இல்லை.