பெட்டியில் ஒட்டாத பெயர்

ஒஹாயோ, செவ்வாய்க்கிழமை

அன்பு மிர்லாந்துக்கு,

வேலை எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தாய். இன்னும் ஆரம்பிக்கவில்லை. கோபப்படாமல் படி.

மனிதாபிமான அனுமதியில் இங்கே தங்க எனக்குக் கொடுத்தது இரண்டு வருடம். வேலை செய்வதற்கான அட்டைக்குக் காத்தே அதில் எட்டு மாதம் போனது. போன வாரம் அட்டை தபாலில் வந்திருக்கிறது. வந்த வேகத்தில் திரும்பியும் போய்விட்டது. வாசல் தபால் பெட்டியில் என் பெயர் இல்லையாம்.

"உன் பேரையும் பெட்டில ஒட்டுடான்னு எத்தனை தடவை சொன்னேன்? ஒட்டினா கை தேஞ்சிடுமா?" என்று சித்தப்பா மகன் வில்னேர் குதிக்கிறான். அவன் நம் ஊர் போர்ட்-ஓ-பிரின்ஸை விட்டு வந்து பதினைந்து வருடமாகிறது. உன் அண்ணனைத் தூக்கிப்போனவர்கள் கதவிலிருந்த பெயரைப் படித்துவிட்டுத்தான் தட்டினார்கள் என்பது அவனுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

தபால்காரம்மாவிடம் கேட்டேன். "பேரில்லாத பெட்டில நான் எப்படிப்பா போடுறது?" என்றாள். அவள் மேல் தப்பில்லை. அட்டையை மறுபடி அனுப்பச் சொல்லி அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறேன். வேலை தருவதாகச் சொன்ன ரொட்டித் தொழிற்சாலையில் வெள்ளிக்கிழமை வரைதான் பொறுப்பார்களாம்.

இன்று காலை என் முழுப்பெயரையும் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினேன். கொஞ்ச நேரத்தில் ஒரு கார் பெட்டியருகே வந்து மெதுவானது. அது போகும்வரை சன்னலை விட்டுத் தள்ளியே நின்றேன்.

நன்றாகத்தான் சாப்பிடுகிறேன்.

நம் கதவிலிருந்து நீ கழற்றிய பெயர்ப்பலகை கட்டிலுக்கடியிலேயே கிடக்கட்டும். நான் ஒட்டிவிட்டேன் என்பதற்காக நீ மாட்டிவிடாதே.

உன் கணவன்