கொளஞ்சியப்பன் ஆடாத இறுதி ஆட்டம்

திருப்பாதிரிப்புலியூர்
11-9-1966

அன்புள்ள கிபாயத்துல்லாவுக்கு,

தேவநாதன் எழுதுகிறேன். சித்திரையில் போட்ட கார்டுக்கு இன்னும் உன்னிடமிருந்து பதில் இல்லை. சைக்கிள் கடைக்காரனுக்குப் பேனா பிடிக்க நேரம் ஏது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தங்கச்சி மெகருன்னிசாவும் பிள்ளைகளும் நலமாக இருப்பார்கள். இங்கே மூத்தவனுக்கு அம்மை போட்டு, இப்போதுதான் தண்ணீர் ஊற்றினோம். தாலுகா ஆபீஸ் வேலை எப்போதும்போல் இருக்கிறது.

வருகிற ஜனவரியில் நம் கல்லூரிக்கு வெள்ளி விழாவாம். மலர் போடுகிறார்கள். நம் காலத்துக் கூடைப்பந்து அணியைப் பற்றிக் கட்டுரை எழுதித் தரச்சொல்லி எனக்குக் கடிதம் வந்திருக்கிறது. ஆடினவர்களை விட்டுவிட்டு என்னைக் கேட்கிறார்களே என்று உனக்குச் சிரிப்பு வரும். கோட்டுக்கு வெளியே போன பந்தை எடுத்துப் போட்டதைத் தவிர நான் என்ன ஆடினேன்? ஆனால் 53-லிருந்து 57 வரை ஓர் ஆட்டம் விடாமல் பார்த்தவர்கள் நாம் இரண்டு பேர்தான். பாயிண்ட் கணக்கெல்லாம் உன் தலைக்குள் இருக்கும். எந்த சீசன் பெரிய சீசன், யார் யார் எப்படி ஆடினார்கள் என்று உனக்கு நினைவிருப்பதை எழுது. கட்டுரையில் உன் பெயரையும் என் பெயரோடு சேர்த்துப் போடச் சொல்கிறேன்.

பட்டம்மாள் உங்கள் எல்லோரையும் விசாரித்தாள்.

உன்
தேவநாதன்


786

சிதம்பரம்
20-9-1966

அன்பு மச்சான் தேவநாதனுக்கு,

கடிதம் கிடைத்தது. கார்டுக்குப் பதில் போடாதது என் தப்புதான். கடையில் வாடகை சைக்கிள் பன்னிரண்டாகிவிட்டது, பஞ்சர் ஜாஸ்தி, ஆள் கம்மி. தங்கச்சி பட்டம்மாளுக்கு சலாம் சொல். பையனுக்கு உடம்பு தேறட்டும்.

நீ கேட்டதைப் படித்ததும் கடையை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். 53-54-ல் முதல் சுற்றிலேயே தோற்றோம், 19-க்கு 44. அன்றைக்குத் தரை சேறு. அடுத்த வருஷம் ஒன்பது ஆட்டத்தில் ஏழு ஜெயம். சுப்பிரமணியன் தடுத்து ஆடுகிற கார்டாக வந்த வருஷம் அது. ஆள் குள்ளம், ஆனால் எதிராளி கைக்கும் தரைக்கும் நடுவிலிருந்து பந்தைப் பறித்துவிடுவான். பெரிய சீசன் என்றால் 55-56 தான், அதில் என்ன சந்தேகம். பதினோரு ஆட்டம், பதினொன்றும் ஜெயம், கோப்பையும் வந்தது. கேப்டன் அந்தோணிசாமியின் மூளைதான் காரணம் என்று எழுது. அவன் விசிலுக்கு முன்பே எல்லாரையும் அவரவர் இடத்தில் நிறுத்திவிடுவான்.

56-57-ல் இறுதி ஆட்டத்தில் 41-க்கு 42, ஒரே பாயிண்டில் போயிற்று. என் சாச்சா மகன் ரஃபியுதீன் அன்றைக்குப் பதினாலு பாயிண்ட் போட்டான். மூன்று வருஷம் வெளியே உட்கார்ந்திருந்தவன். இப்போது பினாங்கில் இருக்கிறான். அவனைப் பற்றியும் நாலு வரி சேர்த்துக்கொள்.

அன்புடன்
கிபாயத்துல்லா


திருப்பாதிரிப்புலியூர்
2-10-1966

அன்புள்ள கிபாயத்துல்லாவுக்கு,

உன் ஞாபகத்துக்கு ஈடே இல்லை. ஆனால் நாலு வருஷத்தையும் எழுதிவிட்டு ஒரு பெயரை மட்டும் விட்டிருக்கிறாய். கொளஞ்சியப்பன் இல்லாமல் 56 கோப்பை ஏது? அந்த இறுதி ஆட்டத்தில் ஐம்பத்திரண்டு பாயிண்டில் இருபத்தாறு அவன் போட்டது. ஷூவின் அடி பிய்ந்துபோய், மழை ஈரத்தில் இரண்டாம் பாதி முழுக்க வெறுங்காலில் ஆடினானே. உனக்கு அவன் மேல் இன்னும் கோபம் போகவில்லை என்று தெரிகிறது. எனக்கும் இருந்தது. கடைசி ஆட்டத்துக்கு வராமல் ஏமாற்றினவன் என்று எத்தனையோ பேரிடம் நானே சொல்லியிருக்கிறேன்.

ஆனாலும் எழுதத்தான் வேண்டும், நல்லது கெட்டது இரண்டையும். 57-ல் நடந்ததை எனக்குத் தெரிந்த வரையில் இப்படி எழுதி வைத்திருக்கிறேன். இறுதி ஆட்டம் மெட்ராசில் ஞாயிற்றுக்கிழமை என்று இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் தந்தி வந்தது, ஆட்டம் ஒருநாள் முன்னால் சனிக்கிழமையே என்று. கொளஞ்சியப்பன் அக்காளின் நிச்சயதார்த்தத்துக்காக காட்டுமன்னார்கோயில் பக்கம் அவன் ஊருக்குப் போயிருந்தான். அந்தோணிசாமி உன்னை பஸ் ஏற்றி அனுப்பினான். நீ போய்ச் சொன்னாய். விசேஷ வீட்டை விட்டு வரமுடியாது என்று அவன் சொல்லிவிட்டான். நாம் அவன் இல்லாமலே போய்த் தோற்று, ஞாயிறு விடியற்காலை சிதம்பரம் ஸ்டேஷனில் இறங்கினோம். எதிர் பிளாட்பாரத்தில் அவன் பையோடு நின்றுகொண்டிருந்தான், ஒன்றும் தெரியாதவன்போல.

இதில் ஒன்றுதான் பாக்கி. அவன் வீட்டு வாசலில் உன்னிடம் என்ன சொன்னான்? அவன் வாயால் வந்த வார்த்தை அப்படியே வேண்டும்.

உன்
தேவநாதன்


786

சிதம்பரம்
30-10-1966

அன்பு மச்சானுக்கு,

பதில் தாமதம். மழையில் கடைக்குள் தண்ணீர் வந்து ஒரு வாரம் அதிலேயே போயிற்று. நீ கேட்டது பழைய கதை. விழா மலரில் அதெல்லாம் எதற்கு? அவன் பெயரை 56-ல் போட்டு, பாயிண்டையும் போட்டு, அதோடு விட்டுவிடு. 57-ல் ஒரு பாயிண்டில் தோற்றோம் என்றால் போதும். அவன் என்ன சொன்னான் என்று சரியாக ஞாபகம் இல்லை.

உங்கள் தீபாவளி நல்லபடி நடக்கட்டும்.

கிபாயத்துல்லா


திருப்பாதிரிப்புலியூர்
20-11-1966

அன்புள்ள கிபாயத்துல்லாவுக்கு,

போன வியாழக்கிழமை ஆபீஸ் வேலையாகப் பண்ருட்டி போயிருந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் லாரி ஆபீஸ் ஒன்றில் யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். கொளஞ்சியப்பன். அங்கே புக்கிங் கிளார்க்காக இருக்கிறான். அந்த உயரத்துக்குத் தொப்பை வைத்தால் எப்படி இருக்கும், அப்படி இருக்கிறான். உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தான். ஒவ்வொருவராகக் கேட்டான். மலரைப் பற்றிச் சொன்னேன். டீயைக் குடித்துக்கொண்டே கேட்டான்.

எனக்கு மனசு கேட்காமல், அன்றைக்கு ஏன் வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பினாய் என்று கேட்டுவிட்டேன். அவன் கோபப்படவில்லை. "யாருகிட்ட சொல்லி அனுப்புனேன்? எங்க வூட்டுக்கு யாரும் வரலியே தேவநாதா. ஞாயித்துக்கெழம வண்டின்னு நெனச்சிதான் ஸ்டேஷன்ல நின்னேன். அத அன்னைக்கே சொன்னேன், ஒருத்தரும் காதுல வாங்கல" என்றான்.

அன்றைக்கு பிளாட்பாரத்தில் அவனை எல்லோரையும்விடச் சத்தமாகத் திட்டினவன் நான்தான். மெஸ்ஸில் அவன் பக்கத்தில் யாரும் உட்காரக்கூடாது என்று சொன்னவனும் நான்தான். ஒரு மாதம் பார்த்துவிட்டு, பரீட்சை எழுதாமல் ஊருக்குப் போனான். பி.ஏ. முடிக்காததால்தான் இந்த வேலை என்று அவன் சொல்லவில்லை, நானாகப் புரிந்துகொண்டேன்.

ஒன்பது வருஷம் கழித்து என்னிடம் பொய் சொல்லி அவனுக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை. நீ அவன் வீட்டுக்குப் போனாயா, இல்லையா?

தேவநாதன்


786

சிதம்பரம்
27-11-1966

மச்சான்,

போகவில்லை.

பஸ் ஏறினது உண்மை. பாதி வழியில் குமராட்சியில் இறங்கிவிட்டேன். டீக்கடை பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வருகிற பஸ்ஸில் ஏறி வந்து, அவன் வரமாட்டானாம் என்று அந்தோணிசாமியிடம் சொன்னேன். வாசலில் நின்றே பேசி அனுப்பிவிட்டான் என்றும் சேர்த்துச் சொன்னேன். யாரும் இன்னொரு கேள்வி கேட்கவில்லை.

ரஃபியுதீனுக்காகச் செய்தேன். அவன் என்னோடு ஒரே வீட்டில் வளர்ந்தவன். மூன்று வருஷம் சட்டை போட்டு, ஷூ போட்டு, வெளியே உட்கார்ந்துவிட்டு வருவான். அதுதான் கடைசி ஆட்டம். கொளஞ்சியப்பன் இல்லாவிட்டால் இவனைத்தான் இறக்குவார்கள் என்று எனக்குத் தெரியும். பஸ் ஏறும்போது அந்த எண்ணம் இல்லை. கண்டக்டர் குமராட்சி என்று கத்தினபோதுதான் எழுந்தேன். ஜெயித்துவிடுவோம், கொளஞ்சியப்பனுக்கு ஓர் ஆட்டம் போனால் என்ன என்று நினைத்தேன். தோற்றபின் வாய் திறக்க முடியவில்லை. அவன் பரீட்சை எழுதவில்லை என்று தெரிந்தபோதும் திறக்கவில்லை. ரஃபியுதீனுக்கு இதுவரை தெரியாது.

நேற்று மெகருன்னிசாவிடம் சொன்னேன். அவள் எழுந்து உள்ளே போனாள்.

மலரில் என் பெயரைப் போட்டே இதை எழுதிவிடு.

கிபாயத்துல்லா


திருப்பாதிரிப்புலியூர்
2-12-1966

கிபாயத்துல்லாவுக்கு,

கடிதம் வந்தது. நீ இதை எனக்கு எழுதிப் பிரயோசனமில்லை. அச்சுத்தாளில் படித்து அவன் தெரிந்துகொள்வதும் சரியில்லை. லாரி ஆபீஸ் ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாள் திறந்திருக்கும். நீ போய்விட்டு வந்து எழுதினால் மேற்கொண்டு பார்க்கலாம்.

தேவநாதன்


786

சிதம்பரம்
22-12-1966

அன்புள்ள தேவநாதனுக்கு,

நேற்று முன்தினம் பண்ருட்டி போனேன். நோன்பு மாதம், விடியுமுன் சஹர் சாப்பாடு முடித்துவிட்டு முதல் பஸ்ஸில் கிளம்பினேன்.

என்னைப் பார்த்ததும், வா பாய் என்று சிரித்தான். நாற்காலி போட்டான். உட்கார முடியவில்லை, நின்றுகொண்டே சொன்னேன். குமராட்சியில் இறங்கினது, டீக்கடை, அந்தோணிசாமியிடம் சொன்ன பொய், எல்லாம். சொல்லும்போது ஒரு லாரிக்காரர் ரசீது கேட்டு வந்தார். அவன் அதை எழுதிக் கொடுத்துவிட்டு, ம், சொல்லு என்றான்.

முடித்ததும் ரசீதுப் புத்தகத்தை மூடி வைத்தான். பிறகு, ரஃபியுதீன் எத்தனை பாயிண்ட் போட்டான் என்று கேட்டான். பதினாலு என்றேன். "நல்லாத்தான் ஆடியிருக்கான்" என்றான். எழுந்து வெளியே போய், முந்திரி மூட்டை ஏற்றுகிறவர்களோடு நின்றான். திரும்ப வரவே இல்லை. நான் அங்கேயே இருந்தேன். மத்தியானம் போய் ஐந்தரை மணியும் ஆயிற்று.

அப்புறம் வந்து எதிரில் உட்கார்ந்தான். "எங்கப்பா என்ன நெனச்சாரு தெரியுமா? ஏதோ திருட்டுத்தனம் பண்ணிட்டுத்தான் காலேஜ விட்டு வந்துட்டேன்னு நெனச்சாரு. சாவற வரைக்கும் அதான் அவரு நெனப்பு. இப்ப நீ வந்து சொல்ற. அவருகிட்ட யாரு போயி சொல்றது?" என்றான். சத்தம் போடாமல்தான் சொன்னான். மன்னிப்பு கேட்டேன். "அதெல்லாம் எனக்குச் சொல்ல வரல பாய்" என்றான்.

நான் எழுந்தேன். நோன்பு திறக்கிற நேரம் வந்துவிட்டது, பஸ்ஸில் என்ன செய்வாய் என்று கேட்டான். ஆள் அனுப்பித் தண்ணீரும் இரண்டு வாழைப்பழமும் வரவழைத்தான். பாங்கு கேட்கும்வரை இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். பிறகு பஸ் ஏறினேன். அவன் வழியனுப்ப வரவில்லை.

பினாங்குக்கும் எழுதிப் போட்டுவிட்டேன். அந்தோணிசாமிக்கு நீ எழுது, இல்லாவிட்டால் நானே எழுதுகிறேன். மலரில் என் பெயர் வரட்டும். அதில் மாற்றமில்லை.

வெள்ளி விழா அன்று பழைய மாணவர் ஆட்டம் வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். நான் வரலாமா என்று தெரியவில்லை. நீ சொன்னால் வருகிறேன்.

கிபாயத்துல்லா


திருப்பாதிரிப்புலியூர்
24-1-1967

அன்புள்ள கிபாயத்துல்லாவுக்கு,

உன் கடிதத்துக்கு ஒரு மாதமாகப் பதில் எழுதவில்லை. வேலை காரணமில்லை. இரண்டு தடவை எழுத உட்கார்ந்து, வா என்றும் எழுத முடியவில்லை, வராதே என்றும் எழுத முடியவில்லை.

மலர் ஒரு பிரதி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். 57-ஆம் வருஷத்துப் பத்தியில் உள்ளது உள்ளபடி இருக்கிறது. நீ கேட்டபடி உன் பெயரும், நீ கேட்காமலே என் பெயரும் இருக்கின்றன. விசாரிக்காமல் திட்டினவன் நான் என்று எழுதியிருக்கிறேன். அச்சுக்குப் போகுமுன் கொளஞ்சியப்பனிடம் படித்துக் காட்டினேன். ஷூ பிய்ந்தது முதல் பாதியிலேயே என்று திருத்தினான். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு அவன் வந்தான். மனைவி ரத்தினம்மாளையும் இரண்டு பெண்களையும் கூட்டி வந்திருந்தான். அந்தோணிசாமி எல்லோர் முன்னாலும் அவனிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டான். என்ன பேசினான் என்று எனக்குக் கேட்கவில்லை. வேட்டியை அவிழ்த்து வைத்துவிட்டு, யாருடையதோ கால்சட்டையைப் போட்டுக்கொண்டு கொளஞ்சியப்பன் இறங்கினான். மூச்சு வாங்கி வாங்கி ஆடினான். எட்டு பாயிண்ட் போட்டான். இப்போது படிக்கிற பையன்களிடம் நாங்கள் தோற்றோம். 30-க்கு 47. பாயிண்டை நான்தான் எண்ணினேன், தப்பாகவும் இருக்கலாம்.

அவன் உன்னைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் பேச்சை எடுக்கவில்லை.

இடைவேளை வரைக்கும் நீ வராமல் இருந்ததே நல்லது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் பாதியில் நாலைந்து தடவை வாசல் கேட் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

தேவநாதன்