நாலரை நொடி மௌனத்துக்கு இரண்டு பூஜ்யம்

அனுப்புநர்
ஹெஸ்டர் என்ட்விசில்,
இரண்டாம் ஆண்டு, இதழியலும் ஆங்கில மொழியும் (கூட்டு இளங்கலை),
14, டான்யார்ட் தெரு, ஹார்த்வெய்ட், லங்காஷயர்.

பெறுநர்
திருமதி ஆட்ரி கார்ஸ்டாங்,
தேர்வு மேல்முறையீட்டு அலுவலர்,
ஹார்த்வெய்ட் பல்கலைக்கழகம்.

பொருள்: ஒரே பேட்டியை ஒட்டிய இரு பணிகளுக்கும் இரு துறைகளும் பூஜ்யம் வழங்கியதை மறுபரிசீலனை செய்யக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தேர்வுக் குழுவின் ஜூன் 6 நாளிட்ட கடிதம்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

இந்த இரண்டு ஆண்டுகளில் நான் எந்த அலுவலகத்துக்கும் எழுதியதில்லை. வகுப்பில்கூடக் கேட்டால்தான் பேசுவேன். ஆகவே முறையீடு எழுதும் பழக்கம் எனக்கில்லை. இம்மனுவை வருத்தம் தோய்ந்த குரலில் எழுத மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் பாதியில் சிரிப்பு வந்துவிட்டது. முறையீட்டுக்குப் பொருந்தாத மகிழ்ச்சி இதில் எங்காவது தென்பட்டால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

1. இதழியல் துறை மலையடிவாரத்தில், பழைய தீயணைப்பு நிலையத்தில் இருக்கிறது. ஆங்கில மொழித் துறை மலையுச்சியில். வகுப்புகளுக்கு இடையே பத்து நிமிடம். ஏறுவதற்குப் பதினொரு நிமிடம். இரண்டு ஆண்டுகளாக நான் எல்லாவற்றுக்கும் ஒரு நிமிடம் தாமதம். கீழே திரு. கபின், ஒருவர் பேசியதைச் சுருக்கெழுத்தில் எடுத்து, தடுமாற்றங்களை நீக்கி, பெயரும் வயதும் சேர்த்து எழுதக் கற்றுத் தருகிறார். "அந்தாளு இருமினதையெல்லாம் எவன்மா படிப்பான்? வெட்டு!" என்பார். மூச்சிரைக்க மேலே போனால் முனைவர் ஃபெரிடே, "ஒரு மூச்சைக்கூட விட்டுடாதே கண்ணு, தும்மினாலும் அது தரவுதான்" என்பார். அங்கே மௌனத்தை நொடியின் பத்திலொரு பங்கு வரை அளந்து எழுத வேண்டும். பேசியவர் பெயரை மட்டும் மறைக்க வேண்டும். கீழே அழுக்கென்று துடைப்பதை மேலே தங்கமாக எடை போடுகிறார்கள். இரண்டையும் நான் ஒரே அளவு நேசிக்கிறேன் என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

2. மார்ச் 3 அன்று, இரு துறைகளின் அனுமதியோடு, நகர மன்றத் தலைவர் திரு. கிளைவ் ராம்ஸ்டனை ஒரே பேட்டியாக எடுத்தேன். பிரிட்ஜ் தெரு நீச்சல் குளத்தை மூடப் போகிறார்களா என்பதே கேள்வி. அதை இரண்டு விதமாக எழுதினேன். கீழ்த்துறைக்கு எழுதியது: "மூடும் திட்டம் எதுவும் இல்லை என்றார் ராம்ஸ்டன் (58)." மேல்துறைக்கு எழுதியது:

(4.6 நொடி) (மூச்சை உள்ளிழுக்கிறார்) மூடுறதுன்னு (1.2) அதாவது, மூடுறதுன்னு சொன்னா (2.0) (மூக்கு வழியாக ஒரு சிரிப்பு) இப்போதைக்கு அப்படித் திட்டம் எதுவும் (0.9) இல்ல.

இரண்டுக்கும் கெடு ஒரே நாள், நண்பகல். கணினியில் இரண்டு சன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டு, மாற்றி அனுப்பினேன். தவறு முழுக்க என்னுடையது.

3. கீழ்த்துறைக்குப் போன மேல்துறைத் தாள் நேரே எங்கள் வகுப்பின் வாராந்தர இதழுக்குச் சென்றது. அன்று திரு. கபின் பல் மருத்துவரிடம் போயிருந்தார். பக்கம் வடிவமைத்த சக மாணவி டில்லி, "ஏதோ புது ஸ்டைல்னு நெனச்சேன்டி, நல்லாத்தானே இருந்துச்சு!" என்று பின்னர் விளக்கம் தந்தார். பெயர் மறைக்கும் வேலையை நான் கடைசிக்கு வைத்திருந்ததால், ராம்ஸ்டன் பெயரோடும் என் பெயரோடும் அறுநூறு பிரதிகள் அச்சாகிவிட்டன.

4. அதன் பின் நடந்தவற்றுக்கு நான் சாட்சி. நீச்சல் குளத்தில் டிக்கெட் கொடுக்கும் டோரீன் அம்மையார் அதை வெட்டி, உடைமாற்றும் அறைச் சுவரில் ஒட்டினார். காலை நீச்சலுக்கு வரும் பெண்கள் அதைப் பாட்டுப் போலப் படித்தார்கள். ஒருவர் ராம்ஸ்டனாகப் பேச, மற்றவர்கள் நொடிகளைக் கைதட்டி எண்ணினார்கள். கழுத்தளவு தண்ணீரில் ஒளிந்துகொண்டிருந்த என்னை டோரீன் கண்டுபிடித்துவிட்டார். "ஏ கண்ணு, ஹெஸ்டர் நீதானே? எதுக்கு இப்படித் தவளை மாதிரி பதுங்குற? மேல வா, எல்லாரும் பாக்கட்டும்!" மீன் வறுவல் கடையில் "வினிகர் போடவா?" என்று கேட்டால் மக்கள் நாலரை நொடி நின்றுவிட்டு, மூச்சை இழுத்து, "இப்போதைக்கு இல்ல" என்றார்கள். வரிசை முழுக்கச் சிரித்தது. கூச்சத்தில் நான் சிப்ஸ் வாங்காமலே வெளியேறினேன். தெருமுனை வரை கால் தரையில் படவில்லை.

5. மார்ச் 27 அன்று நகர மன்றக் கூட்டத்தில் பார்வையாளர் மாடம் நிரம்பி வழிந்தது. சிலர் கழுத்தில் துண்டோடு வந்திருந்தார்கள். டோரீன் எழுந்து அதே கேள்வியைக் கேட்டார். திரு. ராம்ஸ்டன் வாயைத் திறந்தார், மூடினார். மாடம் எண்ணத் தொடங்கியது: "ஒண்ணு... ரெண்டு... மூணு..." நாலில் அவரே வெடித்துச் சிரித்துவிட்டார். "சரி, சரி, போதும்! செப்டம்பர்ல மூடுறதாத்தான் இருந்துச்சு. உங்களுக்குப் பொய் வராது, விட்டுடுங்கன்னு எங்க வீட்டம்மா முப்பது வருஷமா சொல்லுறா." பதினொன்றுக்கு நான்கு என்ற வாக்குகளில் மூடும் திட்டம் கைவிடப்பட்டது. அவரும் கைவிடவே வாக்களித்தார். சுருக்கெழுத்து நோட்டை மூடிவிட்டேன். அன்று மலையை ஏழு நிமிடத்தில் ஏறினேன். மேலே எனக்கு வகுப்பு எதுவும் இல்லை.

6. இவ்வளவும் நடந்தபின் முடிவுகள் வந்தன. "செப்பனிடாத பேச்சு செய்தியாகாது" என்று இதழியல் துறை பூஜ்யம் அளித்தது. "செப்பனிட்ட பேச்சு தரவாகாது; பெயரும் மறைக்கப்படவில்லை" என்று மொழித் துறை பூஜ்யம் அளித்தது. விதிப்படி இருவரும் சரியே. ஆனால் இந்த இரண்டு பூஜ்யங்களோடு நான் மூன்றாம் ஆண்டுக்குள் நுழைய முடியாது. கூட்டுப் பட்டம் என்று என்னைச் சேர்த்துக்கொண்ட பல்கலைக்கழகம், என் வேலையைக் கூட்டாக ஒருமுறைகூடப் படித்துப் பார்க்கவில்லை என்பதே என் குறை. பெயர் வெளியானதில் தமக்கு மறுப்பில்லை என்று திரு. ராம்ஸ்டன் தாமே எழுதிய கடிதத்தை இணைத்துள்ளேன்.

7. ஜூன் 4 அன்று தேர்வுக் குழு நடத்திய விசாரணையில் திரு. கபினும் முனைவர் ஃபெரிடேயும் முதன்முறையாக ஒரே அறையில் அமர்ந்தார்கள். ஒருவர் பெயரை மற்றவர் சட்டைப்பையில் குத்தியிருந்த அட்டையில் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். குழுத் தலைவர் கேட்டார்: "விதியை விடுங்க. முடிவு உங்க கையில மட்டும் இருந்தா, இந்தப் பொண்ணுக்குப் பாஸ் போடுவீங்களா?" இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். திரு. கபினின் மீசை அசைந்தது. முனைவர் ஃபெரிடே சன்னலைப் பார்த்தார். பிறகு, "விதி இடம் தராதே" என்றார் திரு. கபின். "ஆமா, விதி அப்படித்தான் இருக்கு" என்றார் முனைவர் ஃபெரிடே. கூட்டக் குறிப்பில் இவ்வளவுதான் உள்ளது: "இரு ஆசிரியர்களும் விதி இடம் தரவில்லை என்றனர்."

அக்குறிப்பு செப்பனிடப்பட்டது, அம்மையீர். கேள்விக்கும் பதிலுக்கும் இடையே 5.2 நொடி இருந்தது. மேசைக்கடியில் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். திரு. ராம்ஸ்டனைவிட 0.6 நொடி அதிகம்.

கருணை மதிப்பெண் எதுவும் நான் கேட்கவில்லை. அவ்விருவரையும் மீண்டும் ஒரே அறைக்கு அழைத்து, என் இரண்டு தாள்களையும் அருகருகே வைத்து, அதே கேள்வியைத் தாங்களே கேட்குமாறும், பதிலை மட்டுமல்லாது பதிலுக்கு முன் வருவதையும் குறிப்பில் ஏற்றுமாறும் வேண்டுகிறேன். அதன்பின் எந்த முடிவு வந்தாலும் மறுபேச்சின்றி ஏற்பேன்.

இடம்: ஹார்த்வெய்ட்
நாள்: ஜூன் 11

தங்கள் அழைப்புக்குக் காத்திருக்கும்,
ஹெஸ்டர் என்ட்விசில்

இணைப்புகள்:
அ. இரு தாள்களின் நகல்.
ஆ. திரு. கிளைவ் ராம்ஸ்டனின் கடிதம்.
இ. நீச்சல் குளத்துக்கு வரும் 212 பேரின் கையொப்பம் (சில ஈரத்தில் கலைந்துள்ளன).
ஈ. ஜூன் 4 மௌனம், 5.2 நொடி. பதிவு செய்ய அனுமதி பெறாததால் இணைக்க இயலவில்லை.