தாதாவின் எடை

இன்று காலை குக்கரைத் திறந்ததும், பரங்கிக்காயும் அரிசியும் குழைந்து வெந்த ஆவி என் மூக்குக் கண்ணாடியில் படிந்தது. உப்பு இல்லை, தாளிதம் இல்லை, பேருக்கு ஒரு கறிவேப்பிலைகூட இல்லை. காய்ச்சல்காரர்கூட வேண்டாம் என்று தள்ளிவிடும் சமையல். எனக்கோ அந்த வாசனையில் உன் அடுக்களை அப்படியே எழுந்து வந்துவிட்டது. கரண்டியின் முதுகால் மசித்துக்கொண்டே, "பூசணி கட்டியா நின்னா அதுக்கு வாய் வலிக்கும்ட்டி" என்று நீ என்னை அதட்டிய குரலும் கூடவே வந்தது. உனக்கு அது பூசணி, எனக்குப் பரங்கி, கல்கத்தா டாலிகஞ்ச் சந்தையில் நமக்கு விற்ற வங்காளிக்குக் கும்டோ. மூவரும் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை.

நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்து துர்கா பூஜையும் வந்து போய்விட்டது. உனக்குக் கடுதாசி எழுத எனக்கு என்ன வந்தது என்று நீ கேட்பாய். மாடியும் கீழுமாக இத்தனை வருஷம் இருந்த நமக்குள் கடுதாசிக்கு வேலையே இருந்ததில்லை. ஜன்னலைத் திறந்து கத்தினால் போதும். இப்போது கத்தினால் கட்டடத்துக்காரர்கள் பயந்துவிடுவார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

அன்றைக்கு முட்டைக்கோஸ் வாங்கப் போனவள் நீ. திரும்பி வந்து என் வீட்டு மணியை அடித்தபோது ஒரு கையில் முட்டைக்கோஸ் இருந்தது. இன்னொரு கையில் உன் சால்வைக்குள் ஒரு நாய். மெட்ரோ ஸ்டேஷன் வாசலில், ஆட்டோக்கள் வரிசை கட்டும் இடத்தில் படுத்திருந்ததாம். இத்தனைக்கும் அது குட்டியில்லை. மூக்கைச் சுற்றி முழுக்க நரை. விலா எலும்பு, இடுப்பு எலும்பு, முதுகெலும்பு எல்லாம் தோலுக்கு அடியில் தனித்தனியாகத் தெரிந்தன. கழுத்தில் மட்டும் ஒரு வளையம்போல முடி தேய்ந்திருந்தது.

"வீட்டு நாயிட்டி இது. பட்டை கெடந்த தடம் பாரு," என்றாய். யார் வீட்டில் வளர்ந்தது, ஏன் தெருவுக்கு வந்தது என்று நமக்குக் கடைசிவரை தெரியவில்லை. வளர்த்தவர் போய்ச் சேர்ந்திருப்பார் என்று நீ சொன்னாய். விரட்டியிருப்பார்கள் என்று நான் சொன்னேன். நம் இருவர் குணமும் அதிலேயே தெரிந்துவிடும்.

பேர் வைத்ததும் நீதான். இந்த ஊரில் மரியாதைப்பட்ட ஆண்பிள்ளை எல்லாரும் தாதா, அதாவது அண்ணன், இதற்கும் வயதாகிவிட்டது, ஆகவே தாதா என்று முடித்துவிட்டாய். நம் ஊர்ப்பக்கம் தாதா என்றால் கத்தி வைத்திருப்பவன் என்று நான் எடுத்துச் சொன்னதை நீ காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அதன் பலனை நம் சந்து அனுபவித்தது. நீ பால்கனியிலிருந்து "தாதா" என்று கூப்பிட்டால் மீன்காரர், இஸ்திரிக்காரர், எதிர்வீட்டுப் பேராசிரியர் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். நாய் மட்டும் பார்க்கவில்லை.

அலிப்பூரில் இருந்த மாட்டு டாக்டரிடம், உன் பாஷையில் அவர் மாட்டு டாக்டர்தான், பூனையோடு வந்தவர்களுக்கு நடுவில் காத்திருந்து காட்டினோம். பூச்சி மருந்து கொடுத்தார், ரத்தம் எடுத்தார், வாயைத் திறந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். பின்பற்கள் சில சொத்தையாகிப் போயிருந்தன. பிடுங்க வேண்டும், ஆனால் மயக்க மருந்தைத் தாங்குகிற உடம்பு இல்லை, முதலில் எடை ஏறட்டும் என்றார். பட்டினி கிடந்த வயிறு, ஒரேயடியாகப் போட்டுத் திணிக்காதீர்கள், குழைய வேகவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக, பல வேளையாகக் கொடுங்கள் என்றும் சொன்னார். நீ எல்லாவற்றுக்கும் தலையாட்டினாய். வீட்டுக்கு வந்ததும் சோற்றில் ஒரு குழிக்கரண்டி நெய்யை ஊற்றி, ஊட்டாத குறையாக வாயில் தடவிவிட்டாய். அதற்கு அப்புறம் உன் கூடத்தை நாம் இருவரும் டெட்டால் போட்டுத் துடைத்த கதையை எழுதினால் இந்தத் தாள் நாறும்.

அதிலிருந்து வேலையைப் பங்கு போட்டுக்கொண்டோம். சைவ அடுக்களையில் முட்டைக்கு இடமில்லை, ஆகவே முட்டையும் கோழியும் என் வீட்டில் வெந்தன. கிண்ணத்தை உன் மாடிக்குக் கொண்டுவரும்போது நீ தலையைத் திருப்பிக்கொண்டு வாங்குவாய். பரங்கியும் சோறும் உன் பொறுப்பு. எடை பார்ப்பது என் பொறுப்பு. நாய் தனியாக எந்திரத்தில் நிற்காது என்பதால் நான் அதைத் தூக்கிக்கொண்டு ஏறி நிற்பேன், என் எடையைக் கழித்தால் மீதி தாதா.

ஆனால் தாதா சாப்பிடவில்லை. கிண்ணத்தை வைத்தால் பக்கத்தில் வரும், முகரும், உட்காரும், நம் முகத்தைப் பார்க்கும். நாம் கொஞ்சினோம். "சாப்டு ராஜா," "தின்னுய்யா, என் கண்ணுல்லா." அது இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டுப் படுத்துக்கொள்ளும். நீ விரலால் வாயில் தடவிவிடுகிற கொஞ்சத்தை மட்டும் நக்கிக்கொள்ளும். பல்வலி என்றேன் நான். வெட்கம் என்றாய் நீ, நாம் உட்கார்ந்து உற்றுப் பார்த்தால் யார்தான் சாப்பிடுவார் என்றாய். சரியென்று கிண்ணத்தைப் பால்கனியில் வைத்துவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினோம். திரும்பிப் போய்ப் பார்த்தால் கிண்ணம் துடைத்து வைத்ததுபோல் காலி. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தோம். எடையும் ஏறியது. வாராவாரம் முள் நகர்ந்தது. நீ பாயசம் வைத்தாய்.

மறுபடி அலிப்பூருக்குப் போனோம். டாக்டர் தாதாவைத் தம் எந்திரத்தில் நிறுத்திப் பார்த்தார். ஏறவில்லை, கொஞ்சம் இறங்கியும் இருந்தது. எங்கள் கணக்கு அப்படிச் சொல்லவில்லையே என்று நான் வாதாடினேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நல்ல மனிதர், கோபிக்காமல் என்னையே எந்திரத்தில் ஏறச் சொன்னார். ஏறினேன். முதல்நாள் பார்த்த என் எடையைத்தான் நான் ஒவ்வொரு வாரமும் கழித்துக்கொண்டிருந்தேன். நாயைப் பார்க்க மாடிக்கு வரும்போதெல்லாம் சொதி, கூட்டாஞ்சோறு, உளுந்தங்களி என்று நீ என் தட்டில் போட்டதெல்லாம் என் உடம்பிலேயே தங்கியிருந்தது. ஏறியது தாதா இல்லை, நான்.

அங்கே சிரித்தோம். ஆனால் டாக்டர் சிரிக்கவில்லை. இப்படியே போனால் இந்தக் குளிரைத் தாண்டாது என்று அவர் சொன்னதை நீ இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டாய். டாக்சியில் திரும்பும்போது நீ ஒரு வார்த்தை பேசவில்லை. உன்னோடு பழகிய காலத்தில் நீ பேசாமல் வந்த ஒரே சவாரி அதுதான். நாயின் தலை உன் மடியில் இருந்தது. எனக்குப் பயமாக இருந்தது, அது நாயைப் பற்றி மட்டும் இல்லை.

மறுநாள் வெயில் படட்டும் என்று தாதாவை மொட்டைமாடிக்குத் தூக்கிவந்து கோணிமேல் படுக்க வைத்தோம். உனக்குச் சோறு வடித்தானதும் காக்கைக்கு வைக்க வேண்டும். இந்தக் கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்தும், அது இல்லாமல் உன் வாயில் ஒரு பருக்கை இறங்கியதில்லை. கைப்பிடிச் சுவரில் ஒரு உருண்டை வைத்துவிட்டுக் கூப்பிட்டாய். அன்றைக்கு ஒரு காக்கையும் வரவில்லை. நீ விடவில்லை. அடிவயிற்றிலிருந்து மூச்சைக் கூட்டி, கழுத்து நரம்பு புடைக்கக் கூப்பிட்டாய்.

"கா... கா... கா..."

தாதா எழுந்தது. கால் நடுங்க எழுந்து, நடந்து, சுவரில் முன்னங்காலை ஊன்றி அந்த உருண்டையை ஒரு வாய், இரண்டு வாய் என்று தின்று, சுவரையும் நக்கியது. விரட்ட ஓங்கிய கரண்டி உன் கையில் அப்படியே நின்றது. நான் குனிந்து கீழே பார்த்தேன். உன் பால்கனிக் கம்பியில் காக்கைகள் வரிசையாக உட்கார்ந்து, ஒவ்வொன்றாக இறங்கித் தாதாவின் கிண்ணத்திலிருந்து கோழியும் பரங்கியும் தின்றுகொண்டிருந்தன. அவற்றுக்கு உன் வெறும் சோறு எதற்கு?

உனக்கு அது எதுவும் கண்ணில் படவில்லை. நீ நாயையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு மீதிச் சோற்றைத் தரையில் வைத்துவிட்டுக் குந்தி உட்கார்ந்து, மெதுவாக, வங்காளியில் சொன்னாய்.

"கா, பாபா, கா."

சாப்பிடு, அப்பா, சாப்பிடு. தாதா சாப்பிட்டது.

என்னைப் போல் முட்டாள் உண்டா, உன்னைப் போல் முட்டாள் உண்டா? மீன்காரரிடம் வங்காளி, ஆட்டோவில் வங்காளி, டாக்டரிடம் வங்காளி, கனவுகூடப் பாதி வங்காளியில்தான் வரும் நமக்கு. ஆனால் வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் தமிழ்தான் என்று நம் அப்பாக்கள் நாக்கில் எழுதிவிட்டுப் போனார்கள். தாதா வாசலைத் தாண்டி உள்ளே வந்ததும் தமிழாகிவிட்டது. சாப்பிடு என்றும் தின்னு என்றும் நாம் கெஞ்சியது அதற்குச் சத்தமாக மட்டும் கேட்டிருக்கும். வங்காளிகளுக்கு நாலு ககரம், நமக்கு ஒன்று. ஆனால் காக்கையைக் கூப்பிட நீ மூச்சை இழுத்து விட்டதில் அவர்கள் 'சாப்பிடு' என்பதற்குச் சொல்லும், மூச்சு கலந்த அந்தக் ககரம் தானாக வந்து விழுந்திருக்கிறது.

நீ தலையில் கைவைத்துக்கொண்டு சொன்னாய்: "ஏட்டி, இது பசிக்காத நாயில்ல. மரியாத தெரிஞ்ச நாயி. சொல்லாம திங்காது."

யாரோ ஒருவர், சொன்னால்தான் வாய் வைக்க வேண்டும் என்று அதை அருமையாக வளர்த்திருக்கிறார். அவர் போன பிறகு அது எத்தனை கடைவாசலில், எத்தனை எச்சில் இலை முன்னால், இப்படி உட்கார்ந்து முகத்தைப் பார்த்திருக்குமோ. சொத்தைப் பல்லோடு, சொல்லுக்காகக் காத்துக்கொண்டு. நீ அங்கேயே உட்கார்ந்து அழுதாய். நான் கைப்பிடிச் சுவரைத் துடைக்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

அப்புறம் நடந்ததெல்லாம் கொண்டாட்டம்தான். ஒவ்வொரு வேளைக்கும் கொஞ்சமாக, குழைவாக வைத்துவிட்டு நீ கம்பீரமாக அனுமதி கொடுத்தாய். எடை பார்க்கும்போது முதலில் நான் தனியாக ஏறி, வெட்கப்பட்டு, பிறகு தாதாவோடு ஏறினேன். விலா எலும்புகள் ஒவ்வொன்றாகத் தோலுக்குள் மறைந்தன. முள் உண்மையாகவே நகர்ந்தது. குளிர் முடியுமுன் பல் பிடுங்கினார்கள். மயக்கம் தெளியும்வரை நீ கதவுக்கு வெளியே நின்று முருகனை உண்டு இல்லை என்று ஆக்கினாய். கோடையில் டாக்டர் தாதாவின் விலாவைத் தடவிப் பார்த்துவிட்டு, போதும், இனி ஏற்றாதீர்கள் என்றார். அதை நீ பட்டம் வாங்கியதுபோல் கட்டடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தாய்.

நீ போனது சட்டென்று. அதைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை. பெங்களூரிலிருந்து உன் மகன் வந்து எல்லாவற்றையும் முறையாகச் செய்தான். காரியத்தன்று மொட்டைமாடியில் இலை போட்டு, உனக்குப் பிடித்ததெல்லாம் வைத்து, காக்கையைக் கூப்பிட்டான். அது தொட்டால்தான் கீழே பந்தி. கூடத்தில் உறவுக்காரர்கள் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள். நான் தாதாவின் பட்டையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றேன். பிள்ளைக்குத் தமிழைவிட வங்காளி சரளம் என்று உனக்குத் தெரியும். அவன் சுத்தமான வங்காளி ககரத்தில் கூப்பிட்டான்.

நான் பட்டையை விட்டுவிட்டேன். தாதா நேராகப் போய் இலையில் வாய் வைத்தது. ஒரு சித்தி அபச்சாரம் என்றாள். ஐயர் என்னைப் பார்த்தார். "விடுங்க, அவ வந்து சாப்பிட்டாச்சு, பந்தி போடுங்க," என்றேன். உன் மகன் ஒரு நிமிடம் திகைத்தான், பிறகு அத்தனை நாளில் முதல்முறையாகச் சிரித்தான்.

எல்லாரும் ஊருக்குப் போன பிறகு தாதா என்னோடு கீழே வந்துவிட்டது. அன்று மத்தியானம் அதன் கிண்ணத்தை வைத்தேன், என் தட்டையும் வைத்துக்கொண்டேன். அது உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தது. வங்காளியில் சொன்னேன், சாப்பிட ஆரம்பித்தது. கிண்ணம் காலியான பிறகுதான் என் தட்டைப் பார்த்தேன். சோறு ஆறிப்போயிருந்தது. நானும் கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறேன். இத்தனை வருஷமாக, மாடிக்கு வந்தாலும் வராவிட்டாலும், ஜன்னல் வழியாகவாவது நீ அதட்டிய பிறகுதான் நான் சாப்பிட்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

இப்போது தினமும் இரண்டு பேருக்கும் நானே சொல்லிவிடுகிறேன். அதற்கு வங்காளியில். எனக்கு உன் திருநெல்வேலித் தமிழில்: "பாத்துக்கிட்டே இருக்காத, தின்னுட்டி."