முதலில் வந்தவனுக்குப் பரிவட்டம்

வில்லாபுரம், மதுரை
4-4-1938

முத்துக்கருப்பனுக்கு,

எனக்குக் கட்டவேண்டிய பரிவட்டத்தை நீ உன் தலையில் வாங்கிக்கொண்டாய். சின்னையா என்று எழுதக் கை வரவில்லை. பேர் சொல்லியே எழுதுகிறேன்.

கண்மாய் மடையிலிருந்து கருப்பசாமி கோயில்வரை மூன்று மைல். முதலில் வருகிறவன் தலையில் சாமி துணியைக் கட்டுவதுதானே வழக்கம்? நான் வந்து, மூச்சு வாங்கி முடித்த பிறகுதான் நீ வந்தாய்.

பாதி வழியில் உன் சித்தப்பா கத்தினார்: "டேய் சுடலை, சின்னையாவையா முந்துற? நாளைக்கு உங்கப்பன் எந்த வயல்ல இறங்குறான்னு பாக்குறேன்!" ஆலையில் பஞ்சுப் பொதி தூக்கும்போது செய்வதையே செய்தேன். அடுத்த அடியை மட்டும் பார்த்தேன். 'கருப்பா, காலை மட்டும் நீ பார்த்துக்கொள்' என்றேன். கருப்பசாமி பார்த்துக்கொண்டார். ஊர்தான் கண்ணை மூடிக்கொண்டது.

சுடலை

அலங்காநல்லூர்
11-4-1938

அன்புள்ள சுடலைக்கு,

நலம். உன் கடிதம் அப்பா கையில் சிக்கவில்லை, நல்ல வேளை. நீ ஜெயித்தது எனக்குத் தெரியாதா? நீ மதுரை ஆலைக்கு வேலைக்குப் போகுமுன் எத்தனை விடியலில் உன் முதுகைப் பார்த்தே ஓடியிருக்கிறேன்! பூசாரி துணியோடு என் பக்கம் திரும்பினார். அப்பா என் பிடரியில் கை வைத்து, "குனிடா, ஊரே பாக்குது" என்றார். குனிந்துவிட்டேன்.

துணியை இதோடு அனுப்பியிருக்கிறேன். கோபத்தை விடு. உங்கள் அப்பாவுக்கு வேலை போகாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் சேக்காளி
முத்துக்கருப்பன்

வில்லாபுரம்
18-4-1938

முத்துக்கருப்பனுக்கு,

துணியைத் திருப்பி அனுப்புகிறேன். தபாலில் வருவது பரிவட்டம் இல்லை. அப்பாவை இங்கேயே கூட்டிவந்துவிட்டேன். "எம்புட்டுக் கூட்டம்! அம்புட்டுப் பேருக்கும் முன்னால எம்மகன் வாரான்" என்று தெருவெல்லாம் சொல்லித் திரிகிறார்.

உன் அப்பா கை வைத்தது பிடரியில்தான். வாயைப் பொத்தவில்லை. அடுத்த பங்குனிக்கும் ஓட வருவேன். ஓட்டத்துக்கு முன் மடையில் நின்று, போன வருஷம் முதலில் வந்தவன் யார் என்று ஊருக்குச் சொல்.

சுடலை

வில்லாபுரம்
3-4-1939

முத்துக்கருப்பனுக்கு,

நேற்று மடையில் உன் முகத்தையே பார்த்து நின்றேன். நீ வேட்டியை இறுக்கிக்கொண்டிருந்தாய். ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுபடியும் நான்தான் முதலில் வந்தேன். கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட எங்கள் தெருச் சனம் போட்ட குலவையில் பூசாரியின் மணி கேட்கவில்லை. இந்தமுறை யார் தலையிலும் துணியைக் கட்ட அவருக்குத் துணிச்சல் வரவில்லை. சாமி காலடியிலேயே வைத்துவிட்டார். அதற்கே எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

என் விலாசம் எழுதிய தபால் அட்டை ஒன்று இதோடு இருக்கிறது. மூன்று சொல் போதும்: சுடலை முதலில் வந்தான். கீழே உன் பேரைப் போடு.

எழுது.

சுடலை