தண்டுவட நீரில் நான்கு கோடுகள்

இன்று காலை மருமகள் பச்சை மிளகாய் ஊறப்போட வினிகர் பாட்டிலைத் திறந்தாள். அந்தப் புளித்த நெடி கூடத்துக்கு வந்ததும் உன் நினைவு வந்துவிட்டது. ஆய்வகத்தில் சாயம் கழுவ நாங்கள் பயன்படுத்திய அமிலத்துக்கும் இதே நெடிதான். சாயங்காலம் டாக்குரியா ஸ்டேஷனில் நான் இறங்கியதும், "வந்துட்டா ஊறுகாய் ஜாடி" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டே என் கையைக் கோத்துக்கொள்வாயே!

உனக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும். போன வாரம் எங்கள் பழைய ஆய்வகத்துக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு இளம் டாக்டர் பெண், உனக்கு வந்த நோயைப் பற்றிப் பேசினாள். ஆரம்பத்திலேயே தண்டுவட நீரை எடுத்து, அதில் சில பொருள்களை அளந்து, நோய் யாருக்கு வேகமாகப் போகும், யாருக்கு மெதுவாகப் போகும் என்று இப்போது ஓரளவு கணிக்கிறார்களாம். "ஓரளவுதான் ஆன்ட்டி" என்றாள். அந்த ஓரளவுக்காக அன்று நீ எவ்வளவு தவித்தாய்!

அப்போது எண்பதுகளின் தொடக்கம். நீ பாலிகஞ்சில் ஒரு பள்ளியில் பூகோளம் நடத்திக்கொண்டிருந்தாய். நம் இருவரின் அப்பாக்களும் கல்கத்தாவுக்குத் துறைமுக வேலைக்கு மாற்றலாகி வந்தவர்கள். இரண்டு வீட்டுக்கும் ஒரே மாடிப்படி. முதலில் உன் வலது கண் மங்கியது. ஒன்றரை மாதத்தில் தானாகவே சரியானது. பிறகு மழைக்காலத்தில் ஒரு நாள், பாலிகஞ்ச் பிளாட்பாரத்தில் உன் இடது கால் செருப்பு கழன்று பின்னால் கிடந்தது. நீ அது தெரியாமல் நடந்து போய்க்கொண்டிருந்தாய். நான் எடுத்துக்கொண்டு ஓடிவந்து நீட்டியபோது குனிந்து உன் பாதத்தையே பார்த்தாய்.

"எப்படிடி எனக்குத் தெரியாமப் போச்சு?"

உன் குரலில் அப்படி ஒரு பயத்தை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸாக இருக்கலாம் என்று நரம்பு டாக்டர் சந்தேகப்பட்டார். நம் உடம்பே தன் நரம்புகளின் உறையை அரிக்கும் நோய். முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்கச் சொன்னார். நான் வேலை பார்த்த மருத்துவமனையிலேயே சேர்ந்தாய். ஹவுராவில் பட்டறை ஒன்றில் இருந்தவரோடு அப்போது உனக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். உனக்கும் அவரைப் பிடித்திருந்தது. "தேதி குறிக்கறதுக்கு முன்னாடி எனக்குத் தெரியணும். நீயே டெஸ்ட் பண்ணு, வேற யாரும் வேணாம்" என்றாய். ஒருக்களித்துச் சுருண்டு படுத்து, என் கையை நெரித்துக்கொண்டு அந்த ஊசியைத் தாங்கினாய்.

புரதங்களைப் பிரிக்கும் ஜெல் தகட்டில் நீரை ஒரு தடத்திலும் உன் ரத்தத்தைப் பக்கத்துத் தடத்திலும் வைத்து மின்சாரம் செலுத்தினேன். பாதியில் லோட்ஷெடிங். எல்லாம் கலங்கிப்போயிற்று. நல்லவேளை, குப்பியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. மறுநாள் மறுபடி வைத்தேன். சாயத்தைக் கழுவக் கழுவ, நீரின் தடத்தில் மெல்லிய நீலக் கோடுகள் எழுந்தன. நான்கு. ரத்தத்தின் தடத்தில் அவை இல்லை. டாக்டர் பயந்தது பெரும்பாலும் சரி என்று அதற்கு அர்த்தம்.

நீ தலையணை இல்லாமல் மல்லாந்து படுத்திருந்தாய். ஊசி போட்டதிலிருந்து தலையைத் தூக்கினால் மண்டை பிளக்கும் வலி.

"என்ன தெரிஞ்சுது?"

"கரண்ட் போயிடுச்சு. எல்லாம் வீணாப் போச்சு" என்றேன், கட்டிலருகே நின்றபடியே.

பாதி உண்மை என்பதால் பொய் சுலபமாக வந்தது. கல்யாணம் நின்றுவிடக் கூடாது என்று நினைத்தேனா, உன் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லையா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

நீ என்னை ஏறிட்டுப் பார்த்தாய்.

"சரி, மறுபடி எடுக்கச் சொல்லு. நாளைக்கே."

"இந்தத் தலைவலியோடயா?"

"ஆமா. எனக்குத் தெரிஞ்சாகணும்."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. உன் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். நீ அழவில்லை.

"எத்தனை கோடு?"

"நாலு."

"அப்போ நாலு வருஷம் நடப்பேனா?"

"அப்படியெல்லாம் இல்லடி. கோட்டை எண்ணி அதைச் சொல்ல முடியாது."

மறுநாள் டாக்டரும் அதையேதான் சொன்னார். நோய் இருப்பதை அந்த நீர் காட்டுகிறது. அது போகும் வேகத்தைக் காட்டவில்லை. "இரண்டே வருஷத்தில் கோல் ஊன்றியவர்களையும் பார்த்திருக்கிறேன், இருபது வருஷம் கழித்தும் மாடி ஏறுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். நீ எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியவில்லை, மா" என்று வங்க மொழியில் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

நீயே மாப்பிள்ளைக்குக் கடிதம் எழுதினாய், எதையும் ஒளிக்காமல். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஹவுராவிலிருந்து வந்தார். அம்மா சம்மதிக்கவில்லை, தனக்கும் தைரியம் வரவில்லை என்று சொல்லி நம் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதார். நீ அவருக்குக் காபி போட்டுக் கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டு வந்தாய். "நேர்ல வந்து சொன்னாரே, நல்ல மனுஷன்" என்றாய். பிறகு குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் குழாயைத் திறந்துவிட்டிருந்தாய்.

பதினோரு வருடம் நடந்தாய். ஒவ்வொரு துர்கா பூஜைக்கும் என்னை இழுத்துக்கொண்டு பந்தல் பந்தலாகச் சுற்றினாய். "மெதுவாப் போயேண்டி" என்று நான்தான் கெஞ்சுவேன். அப்புறம் கைத்தடி, அப்புறம் சக்கர நாற்காலி. பள்ளியில் உன் வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றினார்கள். கை நடுங்கத் தொடங்கியதும் மாணவிகளையே கரும்பலகையில் வரையவிட்டு, "கங்கையை இன்னும் கொஞ்சம் கிழக்கே தள்ளு" என்று நாற்காலியிலிருந்து அதட்டினாய்.

கடைசி வருடம், ஒரு நாள் நான் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது திடீரென்று சிரித்தாய்.

"அன்னிக்கு ஆஸ்பத்திரில கரண்ட் போச்சுன்னியே, அப்பவே பொய்னு தெரிஞ்சுது. உன் மூஞ்சி அப்படி இருந்துச்சு."

"பின்ன ஏண்டி மறுபடி ஊசி போடச் சொன்னே?"

"நீயா சொல்லணும்னுதான்."

"நான் சொல்லாம இருந்திருந்தா?"

"போட்டுக்கிட்டிருப்பேன். வேற என்ன பண்றது?"

உதட்டோரம் வழிந்த கஞ்சியைத் துடைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நாம் எடுக்கவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் நீ போய்விட்டாய்.

இப்போதும் யாராவது என்னிடம் உண்மையைச் சொல்லு என்று கேட்டால், முதலில் போய் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். நின்றுகொண்டே பேசினால்தான் எனக்குப் பொய் வருகிறது.